பதினெட்டடிப் படகில் கிராண்ட் கேன்யன்

கொலராடோ ஆற்றின் வழியாக கிராண்ட் கேன்யனுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் லீஸ் ஃபெர்ரி என்ற படகுத்துறையிலிருந்துதான் புறப்படுகிறார்கள். அரிசோனாவின் வடகோடியில், சிவந்த பாறைகளுக்கு நடுவே இருக்கிறது அந்தத் துறை. ஆற்றின் மைல் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவதும் அங்கேதான். செப்டம்பர் தொடக்கத்தில் நாங்கள் போய் நின்றபோது இரண்டு வகைப் படகுகளும் கரையில் அருகருகே கிடந்தன. இரண்டும் காற்றடைத்த ரப்பர் படகுகள். இரண்டும் ஒரே ஆற்றில், ஒரே பாறைகளுக்கு இடையே போகப் போகிறவை. ஒன்று 35 அடி நீளம். நடுவில் சாமான் பெட்டிகள், இரு பக்கமும் ஆள் ஏறி உட்காரும் பருமனில் நீளமான காற்றுக் குழாய்கள், பின்னால் 30 குதிரைத்திறன் மோட்டார். பதினைந்து பேர் வரை ஏறலாம். மற்றது 18 அடி. நடுவில் ஓர் உலோகச் சட்டம், அதன்மேல் படகோட்டியின் இருக்கை, இரு புறமும் ஆளை விட உயரமான துடுப்புகள். பயணிகள் நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து.

நாங்கள் ஏறியது சின்னதில். அது கரையில் நின்று எடுத்த முடிவல்ல. இந்தப் பயணங்களுக்கு ஓராண்டுக்கு முன்பே பணம் கட்டி இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் பேச்சு எல்லாம் சாண்ட்லர் நகரில் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே நடந்து முடிந்துவிட்டது.

தம்பி பெரிய படகின் பக்கம். “அக்கா, மோட்டார் படகுன்னா ஒரு வாரத்துல கிட்டத்தட்ட முழுப் பள்ளத்தாக்கும் பார்த்துடலாம். துடுப்புப் படகுல போனா என் லீவுக்குப் பாதிதான் முடியும். அந்தப் பாதி முடிஞ்ச இடத்துலேர்ந்து மலை வேற ஏறணும்” என்றான். அவன் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. ஆறு சராசரியாக மணிக்கு நான்கு மைல் வேகத்தில்தான் ஓடுகிறது. துடுப்புப் படகு அந்த வேகத்தோடுதான் போகும். முழுத் தூரத்துக்கும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அவ்வளவு நாள் இல்லாதவர்கள் 88-ஆவது மைலில், ஃபேண்டம் ராஞ்ச் என்ற இடத்தில் இறங்கிக்கொண்டு, பிரைட் ஏஞ்சல் பாதையில் ஏறத்தாழ 10 மைல் நடந்து, 4,400 அடி உயரம் ஏறி வெளியே வரவேண்டும். தம்பியின் மாமியாருக்கும் கூட வர ஆசை. முழங்கால் வலி உள்ள அவரால் அந்த ஏற்றம் முடியாது. “நீங்க போயிட்டு வாங்க. நான் அடுத்த வருஷம் பெரிய படகுல போய்க்கிறேன்” என்று அவரே வழிவிட்டார். அவருக்குப் பெரிய படகுதான் சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். படுத்தால் எழ நேரமாகும் உடம்புக்கு, குளிர்ந்த நீர் முகத்தில் அறையாத ஓர் இருக்கை வேண்டும். அது பெரிய படகின் நடுவில் கிடைக்கும்.

எனக்கு வேண்டியிருந்தது வேறு. பெரிய படகு பள்ளத்தாக்கைக் காட்டும். சின்னப் படகு ஆற்றைக் காட்டும். நான் ஆற்றைப் பார்க்க ஆசைப்பட்டேன்.

இப்படிப் பிரித்துச் சொல்வதற்குக் காரணம் படகின் நீளமும் அலையின் நீளமும்தான். பக்கப் பள்ளத்தாக்குகளில் பெருவெள்ளம் வரும்போது அது பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து ஆற்றின் நடுவில் கொட்டுகிறது. ஆறு அங்கே நெருக்குண்டு, சரிந்து, நுரைத்துப் பாய்கிறது. இந்தப் பாய்ச்சல்களின் மொத்த நீளம் ஆற்றின் நீளத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் ஆறு இறங்கும் உயரத்தில் பாதி அவற்றில்தான். அந்த இடங்களில் நிலையாக நிற்கும் அலைகள் எழுகின்றன. ஓர் அலையின் உச்சியிலிருந்து அடுத்த அலையின் உச்சி வரையுள்ள இடைவெளியை விடப் படகு நீளமாக இருந்தால், அது அலைக்கு அலை ஏறி இறங்காது. இரண்டு அலைகளின் மேல் பாலம் போட்டதுபோலக் கிடந்து கடந்துவிடும். 18 அடிப் படகு ஒவ்வொரு அலையிலும் இறங்கியாக வேண்டும், ஏறியாக வேண்டும். அதனால் எந்த அலையில் எந்தக் கோணத்தில் இறங்குவது என்பதை ஒருவர் முன்கூட்டியே பார்த்து முடிவுசெய்யவும் வேண்டும்.

இந்த ஆற்றின் கதையே அந்தப் பார்வையைப் பற்றியதுதான். 1869-இல் ஜான் வெஸ்லி பவல் நான்கு மரப்படகுகளோடு புறப்பட்டு இந்த வழியே வந்தார். உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர் அவர். அவருடைய ஆட்கள் வழக்கமான முறையில், ஆறு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்பு வலித்தார்கள். பாறைக்கு முதுகு, அலைக்கு முதுகு. 1890-களில் நத்தானியேல் கேலவே என்ற வேட்டைக்காரர் படகைத் திருப்பிப் போட்டார். முகம் ஆறு போகும் பக்கம். துடுப்பு ஓட்டத்துக்கு எதிராக. வேகத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்து, குறைத்ததால் கிடைத்த நேரத்தில் பாறையைப் பார்த்து விலகினார். சின்ன ரப்பர் படகுகளின் படகோட்டிகள் இன்றும் பெரிதும் நம்பியிருப்பது அவர் வழியைத்தான். 1938-இல் ஏமஸ் பர்க் முதல் ரப்பர் படகை இந்தப் பள்ளத்தாக்குக்குள் கொண்டுவந்தார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் இங்கே வருகிறவர்கள் கைவிட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

பெரிய படகைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். ஜார்ஜி வைட். 1945-இலும் 1946-இலும் ஒரு நண்பருடன் வெறும் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் மிதந்து போனவர். உலகப்போர் முடிந்ததும் ராணுவத்தின் மிதவைப் பாலங்களுக்கான ராட்சத ரப்பர் மிதவைகள் மலிவாக விற்பனைக்கு வந்தன. 1950-களில் அவர் அவற்றில் மூன்றைப் பக்கம் பக்கமாகக் கட்டி, மோட்டார் பொருத்தி, செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்த எவரையும் ஏற்றிக்கொண்டார். ஆசிரியைகள் வந்தார்கள், குமாஸ்தாக்கள் வந்தார்கள், நீச்சல் தெரியாதவர்கள் வந்தார்கள். 1950 வாக்கில், பவல் காலத்திலிருந்து கணக்குப் பார்த்தாலும் முழுப் பள்ளத்தாக்கையும் ஆற்றுவழியே கடந்தவர்கள் சுமார் நூறு பேர்தான். 1972-இல் ஒரே ஆண்டில் 16,000 பேருக்கு மேல் வந்தார்கள். பெரிய படகை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உடல் வலுவும் பணமும் துணிச்சலும் உள்ள சில ஆண்களின் சொத்தாக இருந்த ஆற்றை அது எல்லோருக்கும் திறந்துவிட்டது. 24-ஆவது மைலில் உள்ள பாய்ச்சலுக்கு இன்று ஜார்ஜியின் பெயர்.

எங்கள் படகோட்டி நாற்பதை நெருங்கும் ஒரு பெண். எங்கள் குழுவில் சின்னப் படகுகள் ஐந்து. முதல் நாள் அவர் சொன்ன பாதுகாப்பு விளக்கத்தில் ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. பெரிய படகு கவிழ்வது மிக அரிது. சின்னப் படகு கவிழக்கூடியது. ஆனால் சின்னப் படகு கவிழ்ந்தால் தூக்கிவிட இன்னும் நான்கு படகுகள் கீழே காத்திருக்கும். விழுகிறவர்களும் ஐந்து பேர்தான். “படகு ஒரு பக்கம் தூக்கினால் நான் கத்துவேன். தூக்கும் பக்கத்துக்குப் பாயுங்கள், உங்கள் எடைதான் அதைத் திரும்பக் கீழே அழுத்தும்” என்றார். பெரிய படகில் பயணியின் வேலை இறுகப் பிடித்துக்கொள்வது. இங்கே நாங்களும் படகின் ஓர் உறுப்பு.

8-ஆவது மைலில் பேட்ஜர். முதல் பெரிய பாய்ச்சல். மேலே உள்ள ஓர் அணையின் அடியிலிருந்து வரும் நீரின் குளிர், வெயிலில் காய்ந்த உடம்பில் முதல்முறை விழுந்தபோது தம்பி வாய்விட்டு அலறினான். அதற்குமேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை. நேரான வழி, அலைகள், சிரிப்பு.

17-ஆவது மைலில் ஹவுஸ் ராக் வேறு மாதிரி. அங்கே ஐந்து படகுகளையும் மேலேயே கட்டிவிட்டு, படகோட்டிகள் பாறைமேல் ஏறி நின்று ஆற்றைப் பார்த்தார்கள். நானும் கூடவே ஏறினேன். வலக்கரையில் பாறைக் குவியல். அதனால் ஓட்டம் முழுவதும் இடப்பக்கச் சுவரை நோக்கித் தள்ளப்படுகிறது. சுவரின் அடியில், நீர் ஒரு பாறைமேல் ஏறி விழுந்து தன்மேலேயே திரும்பிச் சுருளும் பெரிய நுரைக்குழி. எதுவும் செய்யாமல் மிதந்தால் படகு நேரே அதற்குள்தான் போகும். எங்கள் படகோட்டி ஒரு மரக்குச்சியை நீரில் எறிந்து, அது போன வழியைக் கண்ணால் தொடர்ந்தார். பிறகு இன்னொன்று. “அந்தக் கண்ணாடி மாதிரி வழவழப்பான நாக்கு தெரிகிறதா? அதன் வலது விளிம்பில் நுழைய வேண்டும். நுழைந்ததும் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குழி” என்று எனக்குக் காட்டினார். அதுவரை வெறும் வெள்ளை நுரையாக எனக்குத் தெரிந்தது, அவர் விரலைத் தொடர்ந்தபோது ஒரு வழியாகவும், வழி இல்லாத இடங்களாகவும் பிரிந்தது.

நாங்கள் அங்கே நின்றபோதே பெரிய படகு ஒன்று வந்தது. அது நிற்கவில்லை. மோட்டாரைக் கொஞ்சம் முறுக்கி, வலதாக ஒரு வளைவு எடுத்து, குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு போய்விட்டது. அதன் முன்குழாயில் உட்கார்ந்திருந்தவர்கள் நனைந்து கூவிக் கைதட்டினார்கள். எல்லாம் அரை நிமிடம். ஓட்டியவரின் திறமை குறைந்ததல்ல. அவ்வளவு நீளத்தை அந்த வளைவில் திருப்ப எத்தனை முன்யோசனை வேண்டும் என்று எங்கள் படகோட்டியே வியந்து பேசினார். ஆனால் அந்தப் படகில் போனவர்களுக்கு ஹவுஸ் ராக் என்பது அரை நிமிட நனைதல். எங்களுக்கு அது அரை நாள் விஷயம்: பார்த்தது, பயந்தது, நுழைந்தது, படகோட்டியின் தோள்கள் ஆறேழு முறை பின்னுக்குச் சாய்ந்து இழுத்தது, குழி எங்கள் இடப்பக்கம் கையெட்டும் தூரத்தில் உறுமிக்கொண்டு கடந்தது, கீழே எதிரோட்டத்தில் ஒதுங்கி மற்ற நான்கு படகுகளுக்காகக் காத்திருந்தது.

சின்னப் படகு எல்லா நேரமும் இன்பம் தரும் என்று சொன்னால் அது பொய். இந்தப் பள்ளத்தாக்கில் பிற்பகலில் கீழிருந்து மேலாகக் காற்று எழும். ரெட்வால் குகையைத் தாண்டிய ஒரு பிற்பகலில் அந்தக் காற்றில் மாட்டினோம். காற்றடைத்த படகு நீருக்குள் ஆழ இறங்காமல் மேலேயே மிதப்பதால் அதன் பக்கங்கள் எல்லாம் காற்றைப் பிடிக்கும். துடுப்பு வலிப்பதை நிறுத்தினால் ஓட்டத்தையும் மீறிப் படகு மேல்நோக்கி நகர்ந்தது. படகோட்டி களைத்தபோது தம்பி மாற்றிப் பிடித்தான், பிறகு நான். உள்ளங்கை எரிந்தது. மோட்டார் படகொன்று எங்களைக் கடந்து, வளைவு திரும்பி மறைந்தது. தம்பி அதைப் பார்த்த பார்வையில் சாண்ட்லர் மேஜையில் பேசியதெல்லாம் இருந்தது. அந்த ஒரு பிற்பகலுக்காக மட்டும் கேட்டால் பெரிய படகைத்தான் நானும் சொல்வேன். வயதானவர்களோ சின்னக் குழந்தைகளோ கூட வந்தால் இந்தக் காற்றை மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

மோட்டார் இல்லாததால் காது கிடைத்தது. பாறைச் சுவர்களில் ஒரு சின்னப் பறவை இருக்கிறது, கேன்யன் ரென் என்கிறார்கள். மேல் சுரத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக இறங்கி வரும் அதன் பாட்டு. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒருமுறையும் கண்ணில் படவில்லை. அதைவிடப் பயனுள்ள ஒலி, அடுத்த பாய்ச்சலின் ஒலி. வளைவுக்கு முன்பே அடிவயிற்றில் ஒரு அதிர்வாக வரும். படகோட்டி பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கேட்பார். மோட்டாரை இந்த ஆற்றிலிருந்து முழுக்க எடுத்துவிட வேண்டும் என்று தேசியப் பூங்காத் துறையே ஒரு காலத்தில் திட்டம் போட்டது. 1980-இல் செனட்டர் ஆரின் ஹாட்ச் கொண்டுவந்த ஒரு திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. இப்போது செப்டம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய மோட்டார் கிடையாது, மீதி மாதங்களில் இரண்டும் உண்டு. இந்த ஏற்பாடு நியாயமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

காற்றடைத்த படகுக்கு நாள் முழுக்க ஒரு பராமரிப்பும் உண்டு. மதிய உணவுக்காக மணலில் இழுத்துப் போட்டால் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரியும். படகோட்டி வால்வைத் திறந்து கொஞ்சம் விடுவார், அல்லது வாளியால் நீர் மொண்டு குழாய்கள்மேல் ஊற்றுவார். மறுநாள் காலை குளிரில் அதே படகு தொளதொளவென்று கிடக்கும். பம்ப் எடுத்து ஏற்ற வேண்டும். சுற்றுக் குழாய் உள்ளுக்குள் தனித்தனி அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று கிழிந்தால் மற்றவை தாங்கும். தம்பி பொறியாளன் ஆதலால் இதையெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

இந்த ஆற்றுக்கு ஏற்ற இறக்கமும் உண்டு. மேலே இருக்கும் கிளென் கேன்யன் அணை 710 அடி உயரம், 1963-இல் நீரைத் தேக்கத் தொடங்கியது. மின்சாரம் எப்போது அதிகம் தேவையோ அப்போது அதிக நீரைத் திறப்பார்கள். அந்த ஏற்றம் மணிக்கணக்கில் பயணம் செய்து கீழே வரும். நான்கோவீப் முகாமில் விடிகாலையில் எழுந்தபோது நீர் கரையை விட்டு விலகியிருந்தது. எங்கள் படகுகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமானை இறக்கி, நீருக்குள் தள்ளிவிட்டோம். சற்றுக் கீழே தங்கியிருந்த குழுவின் பெரிய படகு மணலில் அசையாமல் கிடந்தது. பதினைந்து பேர் தள்ளியும் பயனில்லை. நீர் ஏறும்வரை அவர்கள் காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்து வந்த லிட்டில் கொலராடோ சங்கமத்தில் நீர் வானநீலமாக இருந்தது. ஹோப்பி மக்களுக்கு அந்தப் பகுதி தங்கள் முன்னோர் தோன்றிய புனித இடம். அதனால் சத்தமின்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம்.

பெரிய படகு என்றால் பத்திரம் என்ற எண்ணத்துக்கு இந்த ஆறே பதில் வைத்திருக்கிறது. முகாமில் இரவு எங்கள் படகோட்டி 1983-ஆம் ஆண்டைப் பற்றிச் சொன்னார். அந்தக் கோடையில் பனி வேகமாக உருகி, அணை நிரம்பி, கொள்ளளவுக்கு மேல் வந்த நீரை வழிவாய்களின் வழியே திறந்துவிட வேண்டியதாயிற்று. 98-ஆவது மைலில் கிரிஸ்டல் என்ற பாய்ச்சல். 1966-இல் ஒரே ஒரு பக்க வெள்ளம் உண்டாக்கியது அது. 1983 ஜூனில் அதன் குறுக்கே எழுந்து நின்ற அலை, பெரிய மோட்டார் படகுகளையே புரட்டிப் போட்டது. ஒரு பயணி உயிரிழந்தார். அலை படகை விட நீளமாகிவிட்டால் 35 அடியும் சின்னப் படகுதான்.

நீர் குறைந்தாலும் பெரிய படகுக்குச் சோதனை. 77-ஆவது மைலில் ஹான்ஸ். 30 அடி இறக்கம், ஆறு முழுக்க இறைந்து கிடக்கும் பாறைகள். நாங்கள் போனபோது மேலே ஒரு பெரிய படகு கட்டப்பட்டிருந்தது. மணலில் மாட்டியிருந்த அதே படகு. எங்களை வழியில் முந்திவிட்டது. பாறைகளுக்கு இடையே அதன் அகலத்துக்கு வழி போதாததால் நீர் ஏறட்டும் என்று நிறுத்தியிருந்தார்கள். அதன் ஓட்டியும் எங்கள் படகோட்டியும் பழைய நண்பர்கள். இருவரும் ஒரே பாறைமேல் ஏறி நின்று ஒரே ஆற்றைப் பார்த்து வெவ்வேறு வழிகளைச் சொன்னார்கள். அவர் சொன்னதெல்லாம் அகலம்: எந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே 15 அடி இருக்கிறது என்று. எங்கள் படகோட்டி சொன்னதெல்லாம் திருப்பம்: எந்தப் பாறைக்குப் பின்னால் எதிரோட்டம் இருக்கிறது, அதில் எத்தனை நொடி படகைத் தாமதிக்கலாம், பிறகு எந்தப் பக்கம் விடுவது என்று. எங்களை உட்காரவைத்து அவர் அப்படியே செய்தார். ஒரு பாறைக்குப் பின்னால் நுழைந்தோம், நின்றோம் என்றே சொல்லலாம், முனையைத் திருப்பினார், அடுத்த இடைவெளி, அடுத்த பாறை. ஒருமுறை மட்டும் அடிப்பக்கம் ஒரு கல்லில் ஏறி, வளைந்து, வழுக்கி இறங்கியது. கீழே வந்ததும் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இப்போ புரியுது” என்றான்.

அதற்குக் கீழே பாறையின் நிறம் மாறுகிறது. 175 கோடி ஆண்டுப் பழமையான கரும்பாறை ஆற்றிலிருந்து செங்குத்தாக எழுகிறது. அதற்கு விஷ்ணு ஷிஸ்ட் என்று பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880-களில் பள்ளத்தாக்கின் சிகரங்கள் சிலவற்றுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்று பெயர் வைத்தார். அந்த விஷ்ணுவின் பெயர்தான் பாறைக்கும் வந்தது. அந்தச் சுவர்கள் நேரே நீரில் இறங்குவதால் சாக்டாலஜர் பாய்ச்சலில் ஒதுங்கக் கரையே இல்லை. பவலின் ஆட்களும் வேறு வழியில்லாமல் படகிலேயே இறங்கிய இடம் அது. பாறைகள் இல்லை, அலைகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக. அலையின் பள்ளத்தில் இருந்தபோது எனக்கு வானமும் நீரும் தவிர எதுவும் தெரியவில்லை. உச்சிக்கு ஏறியபோது அடுத்த அலையும், தூரத்தில் வெயில்பட்ட கரும்சுவரும் தெரிந்தன. மறுபடி பள்ளம். கொஞ்ச நேரத்தில், நீர் ஏறியதும் ஹான்ஸைக் கடந்த பெரிய படகு அதே அலைகளின் மேல் பின்னால் வந்தது. அதில் ஒரு பாட்டி நடுவில் உட்கார்ந்து, தொப்பிகூட நனையாமல், எங்களைப் பார்த்து இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். தம்பியும் எழுந்து நின்று கையசைத்தான். அவனுக்கு மாமியார் நினைவு வந்திருக்க வேண்டும்.

ஃபேண்டம் ராஞ்சில் இறங்கினோம். மேலிருந்து நடந்து வந்த புதிய பயணிகள் எங்கள் இடங்களில் ஏறிக்கொள்ள, படகுகள் கிரிஸ்டலை நோக்கிப் புறப்பட்டன. விடியுமுன்பே ஏறத் தொடங்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் அந்தப் பாதை ஆளைச் சாய்த்துவிடும். ஏறத்தாழ பாதிவழி ஏறி, இந்தியன் கார்டன் என்று முன்பு அழைக்கப்பட்ட ஹவாசுபாய் கார்டன்ஸில் நீர் நிரப்ப உட்கார்ந்தோம்.

“கீழ்ப் பாதிக்கு வேற லீவு சேர்க்கணும்” என்றான் தம்பி.

“சேரு. லாவா ஃபால்ஸ்ங்கிற பெரிய பாய்ச்சல் அந்தப் பாதியிலதான் இருக்கு.”

“அத்தைக்கு ஏப்ரல்ல பெரிய படகுல புக் பண்ணிடறேன். துணைக்கு அவங்க மகளே போகட்டும்” என்றவன் பாட்டிலை மூடிக்கொண்டே கேட்டான்: “நமக்கு இதே பதினெட்டடிதானே?”

“அதைவிடச் சின்னதும் இருக்கு. 14 அடி. எல்லார் கையிலயும் துடுப்பு குடுத்துடுவாங்க.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “எவ்வளவு நாள் முன்னாடி புக் பண்ணணும்னு கேளு” என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.